பளபளப்பு கடைசி வேலை



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். தெப்ராவ் நீரிணையில் தூண்டில் போட, மெராந்திப் பலகையில் தாமே ஒரு சம்பான் செய்திருந்தார். "நாளைக்கு வார்னிஷ் அடிக்கப் போறேன் சார், வந்து பாருங்க" என்றார்.

போனேன். பார்வைக்கு அழகான படகு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினேன். அடிப்பலகையில், ஓர் ஆணியருகே, மயிரிழை போல ஒரு வெடிப்பு! துளை போடாமல் ஆணி அடித்ததால் வந்த வினை.

"வார்னிஷ் போட்டா மறைஞ்சிடும் சார்."

"மறையும் தம்பி, அடைபடாது. உன் மகனையும் இதிலேதானே ஏற்றப் போகிறாய்?"

அவர் பேசவில்லை. மறுநாளே அந்தப் பலகையைக் கழற்றி மாற்றினார்.

கோலத் திரெங்கானுவின் டூயோங் தீவில் செங்கால் மரத்தில் படகு கட்டும் கைவினைஞர்கள், பலகைகளின் இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்குவார்கள். நீரைத் தடுப்பது பொருத்தம்தான். பூச்சு மரத்துக்குச் சட்டை மட்டுமே.

சட்டை போடுமுன் செய்ய வேண்டியவை இவை:

மரம் நன்றாகக் காய வேண்டும். ஈர மரத்தில் பூசினால் வார்னிஷ் கொப்புளித்து உரியும். நவம்பரில் தொடங்கும் பருவமழைக் காலத்தில் அவசரம் வேண்டாம்.

ஆணித் தலைகளை உள்ளே இறக்கி, நீரில் கரையாத மக்கினால் குழிகளை நிரப்புங்கள்.

மணல்தாளைக் கட்டையில் சுற்றி, 80, 120, 220 என்ற வரிசையில் தேயுங்கள். எண் ஏற ஏறத் தாள் நைசாகும். மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறலை வார்னிஷ் எடுத்துக் காட்டிவிடும். மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அவசியம்.

தூசியைத் தட்டி, டர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். எண்ணெய் வார்னிஷ் பட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

வீட்டு மேசைக்குப் பூசும் வார்னிஷ் வெயிலுக்கும் உப்புநீருக்கும் தாங்காது. படகு வார்னிஷையே வாங்குங்கள். முதல் பூச்சு நீர்த்ததாக இருக்கட்டும், மரம் உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டு வாரம் தாமதமாகப் படகு நீரில் இறங்கியது. மிதவைச் சட்டையோடு மகன் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்ததும் அடிப்பலகையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.