அளவுகோலுக்கும் அறம் உண்டு

“அறிவியல் பாடத்தில் கண்டுபிடிப்பைச் சொன்னால் போதும், கண்ட வழியைப் பற்றி மாணவனுக்கு என்ன கவலை?” என்று கேட்போர் நம் ஆசிரியருள்ளும் உளர். அவர்தம் கூற்றை நான் வன்மையாக மறுக்கின்றேன்.

கல்லீரலை அழிக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 1989 முதல் பச்சிளங் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி போடப்படுகின்றது. முதல் தடுப்பூசி, நோய்க்கிருமியைச் சுமந்தோரின் குருதியிலிருந்தே செய்யப்பட்டது. அதிலுள்ள கிருமி முற்றும் செயலிழந்ததா என்றறிய, அதன் தொற்றுந்திறனை அளந்தாக வேண்டும். 1970களில் இக்கிருமியை ஆய்வுக்குழாயில் வளர்க்க வழியில்லை. ஆதலின் நோய்பட்ட குருதிநீரைப் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு எனப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியையும் வெவ்வேறு சிம்பன்சிகளுக்குச் செலுத்தினர். திங்கட்கணக்கில் அவற்றின் குருதியைச் சோதித்தனர். எந்தப் படியில் பாதி விலங்குகளுக்கு நோய் தொற்றுகின்றதோ, அதுவே அளவு. கோடி மடங்கு நீர்த்த பின்னும் தொற்றிய குருதிநீர் உண்டு! தொற்றி மீண்ட விலங்குக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிடும். அடுத்த அளவைக்கு வேறோர் உயிர் வேண்டும்.

“இக்கொடுமையை அறவே விட்டிருக்கலாமே” என்பாரும் உளர். அவர்களும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தக்க ஆய்வு விலங்கு கிட்டாத நாளில் மனிதர் யாரைத் தொட்டனர்? நியூயார்க்கின் வில்லோபுரூக் அரசுப் பள்ளியில், 1956 முதல், மனவளர்ச்சி குன்றிய சிறுவர்க்கு ஹெப்பாடைட்டிஸ் நோயை வேண்டுமென்றே தொற்றச் செய்து ஆராய்ந்தனர். பள்ளி என்னும் பெயர் தாங்கிய இடத்தில்! பெற்றோரிடம் கையொப்பம் பெற்றோம் என்றனர். கையொப்பம் அறமாகிவிடுமா? 1966இல் ஹென்றி பீச்சர் இதனைக் கண்டித்து எழுதினார். அவர் அறிவியலின் பகைவரல்லர், மருத்துவரே.

அறத்தை வினவியதால் அறிவியல் தேய்ந்துவிட்டதா? இல்லை. மனித ஈரல் உயிரணுக்களைத் தாங்கிய சுண்டெலிகள் வந்தன. 2005இல் ஹெப்பாடைட்டிஸ் சி கிருமியையே ஆய்வுக்கூட உயிரணுக்களில் முழுமையாக வளர்த்தனர். 2015இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் சிம்பன்சி ஆய்வுகளைக் கைவிட்டது. வினா எழுந்ததனால் வழியும் பிறந்தது.

ஆசிரியப் பெருமக்களே! தடுப்பூசியைப் பற்றிக் கற்பிக்கும் நாளில், அதன் அளவு எவர் உடலில் எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். நன்றியும் நாணமும் ஒருங்கே கொள்ளும் மாணவனே நாளை ஆய்வுக்கூடத்தில் நுழையத் தகுதியுடையவன்.