கெடுதி குறைவு: எதைவிட?



வத்திக்கானில் பணியாளர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்கப்பட்டு வந்தது. மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் செயலுக்குத் திருப்பீடம் துணைபோகக் கூடாது என்று கருதிய திருத்தந்தை பிரான்சிஸ், 2018 முதல் அந்த விற்பனையை நிறுத்தினார். சிகரெட்டின் தீமை பற்றி இன்று யாருக்கும் ஐயமில்லை. அதன் இடத்தைப் பிடிக்க வந்துள்ள பொருள்களைப் பற்றித்தான் நம்மிடையே மயக்கம் நிலவுகிறது. "புகைதானே கெடுதி? இதில் புகையே இல்லையே!" என்கிறார்கள், உதட்டிடுக்கில் புகையிலை வைப்போர். "இது வெறும் ஆவிதான்" என்கிறார்கள், மின்சிகரெட் இழுப்போர்.

ஆய்வுகள் சொல்வதென்ன?

சுவீடனில் 'ஸ்னூஸ்' என்னும் ஈரப் புகையிலைத் தூளை உதட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் பலர் சிகரெட்டை விட்டு இதற்கு மாறினர். ஐரோப்பாவில் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் சுவீடனும் ஒன்று. இதைக் காட்டி, புகையில்லாப் புகையிலை பாதுகாப்பானது என வாதிடுவோர் உண்டு. ஆனால் ஸ்னூஸ் வெப்பத்தில் பதப்படுத்தப்படுவதால், நைட்ரோசமைன் எனும் புற்றுநோய் நச்சு அதில் குறைவு. அதைக்கூடக் கர்ப்பிணிகள் பயன்படுத்தினால், குறைமாதப் பிறப்புக்கும் குழந்தை இறந்து பிறப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது.

நம் நாட்டுக் குட்காவும் மெல்லும் புகையிலையும் வேறு வகை. நச்சு மிகுந்த அவை வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவருகின்றன. குட்காவில் கலக்கும் பாக்கும் தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்குவது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.7 விழுக்காட்டினர் புகைக்கிறார்கள். புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோரோ 21.4 விழுக்காடு. சுவீடன் ஆய்வை இங்கே சான்றாகக் காட்டுவது எவ்வளவு ஆபத்தானது!

மின்சிகரெட், நிக்கோட்டின் பட்டையையும் சூயிங்கத்தையும்விட அதிகமானோர் புகைப்பழக்கத்தை விட உதவுகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. ஆனால் நீண்டகாலப் பயன்பாட்டின் விளைவு தெளிவாக இன்னும் பல ஆண்டுகள் ஆகும். வளரும் இளையோரின் மூளையை நிக்கோட்டின் பாதிக்கும் என்பதும் மறுக்க முடியாதது. இந்தியா 2019இல் மின்சிகரெட்டின் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது.

ஆகவே 'கெடுதி குறைவு' என்று கேட்கும்போதெல்லாம், 'எதைவிட?' என்று நாம் கேட்க வேண்டும். பல்லாண்டுகள் புகைத்தவர் சிகரெட்டை முற்றிலும் விடுவதற்கு ஒரு மாற்று உதவினால், அவருக்கு அது ஆதாயமே. ஒருபோதும் புகைத்திராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ அதில் ஆதாயம் எதுவுமில்லை; புதிய அடிமைத்தனம்தான் மிச்சம். ஒரே சொல், ஒருவருக்கு மருந்து, மற்றவருக்குத் தூண்டில்.

நம் அன்பியக் கூட்டங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இதைப் பேசுவோம். ஏற்கனவே சிக்கியவர்களைப் பழிக்காதிருப்போம். நிக்கோட்டினுக்கு அடிமையாவது ஒரு நோய். விடத் துடிப்போருக்கு 1800-112-356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணைச் சொல்வோம். அவர்கள் மீண்டும் தவறினாலும் கைவிடாமல் உடனிருப்போம்.