முதலில் கயிறு, பிறகு கருவி

உபகரணங்கள் வழங்கும் வைபவங்கள் எமது கிராமங்களுக்குப் புதியவையல்ல. தையல் இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் மருந்து தெளிகருவியும் கைமாறும்போது எடுக்கப்படும் படங்கள் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை நிரப்புகின்றன. மரம் ஏறிப் பிழைப்பவர்களுக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆயினும், கயிற்றைப் பற்றி ஏறும் உலோகக் கருவியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கயிற்றை அவரே சந்தையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவது உதவியாகாது. கருவியும் அதற்குரிய கயிறும் சேர்ந்தே ஓர் உபகரணம். ஒன்றில்லாமல் மற்றதைக் கொடுப்பவர், கொடுக்காமல் விட்டவரைவிட அதிகப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

மரம் ஏறுவோர் எல்லோருக்கும் தேவை ஒன்றல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பனையிலும் தென்னையிலும் கயிறு எறிந்து மாட்டுவதற்குக் கொப்பு இல்லை. அங்கே ஏறுபவர் தண்டைச் சுற்றியே பிடிமானம் தேடவேண்டும். கேரளத்தில் செம்பேரி ஜோசப் என்பவர் உருவாக்கிய தென்னை ஏறும் கருவி இந்த வகையைச் சேர்ந்தது. காலால் மிதித்து ஏறும் அக்கருவி, தண்டைச் சுற்றி வரும் உருக்குக் கம்பிக் கயிற்றின் பிடியிலேயே நிற்கிறது. அந்தக் கம்பிக் கயிறு நைந்தபின் அதனிடத்தில் கையில் கிடைத்த கயிற்றைக் கட்டினால் கருவியின் முழுக் கணக்கும் பிழைத்துவிடும். அம்மாநிலத்தில் தென்னை அபிவிருத்திச் சபை 2011இல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, கருவியோடு பயிற்சியும் காப்புறுதியும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. நாம் பின்பற்றவேண்டியது கருவியை மட்டுமல்ல, அந்த ஒழுங்கையுமே.

புளி, வேம்பு, மா, மருது போன்ற கொப்புள்ள மரங்களில் நிலைமை வேறு. பாடசாலைக் கூரைக்கு மேலும் ஆலய வளவிலும் மின்கம்பிக்கு அருகிலும் சரிந்து நிற்கும் கொப்புகளை வெட்ட அழைக்கப்படுபவர் பெரும்பாலும் நாட்கூலித் தொழிலாளியே. இத்தகைய மரங்களில்தான் கயிறேறும் கருவிகள் பெரிதும் பயன்படும். சிறு பையில் மணலோ ஈயக் குண்டோ இட்டு, மெல்லிய நூலில் கட்டி, உறுதியான கொப்பின் கவட்டுக்கு மேலால் எறிவர்; நூலைப் பின்பற்றிக் கயிறு போகும்; கயிற்றில் கருவியைப் பூட்டி மனிதன் ஏறுவான்.

அக்கருவி எவ்வாறு பிடிக்கிறது? பல்லுள்ள ஒரு நெம்பு, கயிற்றை உலோகச் சுவரோடு சேர்த்து நெரிக்கிறது. மேலே தள்ளினால் வழுக்கும். பாரம் கீழே இழுத்தால் இறுகும். ஒவ்வொரு கருவியிலும் அது ஏற்கும் கயிற்றின் விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். கைப்பிடிக் கருவிகள் சில 8 முதல் 13 மில்லிமீற்றர் வரை ஏற்கும். மரவேலைக்கென்று செய்யப்பட்ட, ஏறவும் இறங்கவும் உதவும் கருவிகள் சில 11.5 முதல் 13 மில்லிமீற்றர் வரை மட்டுமே ஏற்கும். அந்த எல்லைக்குக் கீழ்ப்பட்ட கயிற்றில் நெம்பு போதியளவு கடிக்காது. மேற்பட்ட கயிற்றில் கருவி இறுகி நகராது, அல்லது வாய் சரியாக மூடாது. பாவித்த கயிறு காலப்போக்கில் ஊதிப் பருக்கும் என்பதையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இக்கருவிகள் உட்சரடும் அதை மூடிய பின்னல் உறையும் கொண்ட வட்டமான கயிற்றுக்காகச் செய்யப்பட்டவை. மூன்று புரி முறுக்கிய கயிற்றின் மேற்பரப்பு மேடுபள்ளமானது. அங்கே பற்கள் சில புரிகளை மட்டும் கடிக்கும். அன்றியும், பல்லுள்ள கருவி விழுகையைத் தாங்குவதற்கானதல்ல. கயிற்றைப் பொறுத்து 400 முதல் 600 கிலோ வரையான இழுவையில் பற்கள் உறையைக் கிழித்துவிடக்கூடும். கயிறு தொய்ந்திருக்க ஓரிரு மீற்றர் விழுந்தாலே ஒரு மனிதனின் பாரம் இந்த அளவை எட்டலாம். ஆகவே கயிறு எப்போதும் தொய்வின்றி இருப்பதும், கட்டிய இடத்துக்கு மேலே ஏறாதிருப்பதும் கட்டாயமானவை.

இனிச் சந்தைக் கயிற்றைப் பார்ப்போம். எமது கடைகளில் செயற்கை இழைக் கயிறு எல்லாவற்றுக்கும் பெயர் ‘நைலோன் கயிறு’. ஆனால் மீன்பிடித் தொழிலுக்கென விற்கப்படும் நீல, பச்சைக் கயிறுகளிற் பெரும்பாலானவை நைலோன் அல்ல. அவை பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலிஎதிலீன். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரியும்: இவை மிதக்கும், நைலோனும் பொலியெஸ்ரரும் அமிழும். 

“இந்தக் கயிறு வள்ளத்தையே இழுக்கிறது, ஒரு மனிதனைத் தாங்காதா?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. 12 மில்லிமீற்றர் பொலிப்புரொப்பிலீன் கயிறு புதிதாக இருக்கும்போது சுமார் 2 தொன் இழுவையைத் தாங்கும். ஆளேறும் கயிற்றுக்கான ஐரோப்பிய நியமமாகிய ஈ.என். 1891, ‘ஏ’ வகைக் கயிற்றுக்குக் கேட்பதும் ஏறத்தாழ 2.2 தொன்தான். வேறுபாடு அறும் பலத்தில் மட்டும் இல்லை. பொலிப்புரொப்பிலீன் ஏறத்தாழ 165 பாகை செல்சியஸில் உருகும். பொலிஎதிலீன் அதற்கும் கீழே, 130 பாகையளவில் உருகும். விரைந்து இறங்கும்போது உராய்வினால் சூடேறும் உலோகத்துக்கு இவை ஈடுகொடா. பொலியெஸ்ரர் உருகுவதற்கு 250 பாகைக்கு மேல் வேண்டும். வெயிலில் கிடக்கும் பொலிப்புரொப்பிலீன் மெல்ல மெல்லப் பொடியாகும். முடிச்சுப் போட்ட இடத்தில் எந்தக் கயிறும் தன் பலத்தில் மூன்றிலொரு பங்களவை இழக்கலாம். மாரியில் நனைந்த நைலோன் இன்னும் 10 முதல் 15 வீதம் இழக்கும். வள்ளக் கயிறு அறுந்தால் வள்ளம் மிதக்கும். மரத்தில் அவ்வாறில்லை.

நியமக் கயிறு விலை கூடியது, எமது மக்களால் இயலாது என்பது பலரது வாதம். உண்மைதான். அதனாலேயே முன்னுரிமையை மாற்றவேண்டும் என்கிறேன். பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் கயிற்றையும் ஏறுபவரின் இடுப்புப் பட்டியையும் வாங்குங்கள். கருவி பிறகு வரட்டும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புறூசிக் 1931இல் எடுத்துக்காட்டிய முடிச்சு, உலோகம் எதுவுமின்றியே கருவியின் வேலையைச் செய்கிறது. பிரதான கயிற்றைவிட மெல்லிய ஒரு துணைக்கயிற்றைச் சுற்றிக் கட்டினால் பாரத்தில் இறுகும். பாரம் விட்டால் நகரும். 12 மில்லிமீற்றர் கயிற்றுக்கு 8 மில்லிமீற்றர் துணைக்கயிறு பொதுவாகப் பொருந்தும். இங்கும் பொருத்தமே விதி: தடிப்பு நெருங்கினால் முடிச்சு பிடிக்காது. நல்ல கயிறும் பழகிய முடிச்சும் உள்ளவர், பொருந்தாக் கயிற்றில் விலையுயர்ந்த கருவி பூட்டியவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

இந்த அறிவு எமது மக்களுக்குப் புதியதும் அல்ல. சீவல் தொழிலாளி தன் தளைநாரைத் தன் காலுக்கும் மரத்துக்கும் அளவாக வைத்திருக்கிறார். நைந்த நாரில் கால் வைக்கமாட்டார். பொருத்தம் பார்ப்பதும் பழையதைக் கழிப்பதும் அவர் கைவந்த கலை. புதிய கருவியைக் கொண்டுவருபவர்கள், அவரை ஏதுமறியாத பயனாளியாக எண்ணாமல், தெரிவு செய்யும் மேசையிலேயே அமர்த்தினால் பாதித் தவறுகள் நேரா.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு பங்கும் அல்லது கூட்டுறவுச் சங்கமும் ஒரு முழுத்தொகுதியைப் பொதுச் சொத்தாக வாங்கலாம்: கருவி, அதற்குப் பொருந்தும் கயிறு, இடுப்புப் பட்டி, தலைக்கவசம். கருவியில் பொறித்த அளவும் கயிற்றின் அளவும் ஒரே அட்டையில் தமிழில் எழுதப்பட்டுப் பையோடு கட்டப்படவேண்டும். வாங்கிய திகதி, பாவித்த நாட்கள், கண்ட பழுதுகள் ஆகியவற்றைக் குறிக்க ஒரு கொப்பி போதும். கயிற்றை வெயிலிலும் பற்றறி அமிலத்துக்கு அருகிலும் வைக்கக்கூடாது. உறை கிழிந்தாலோ, உருகிய தழும்பு தெரிந்தாலோ, உள்ளே மென்மையாக நெளிந்தாலோ அன்றே அதை வெட்டிவிட வேண்டும். முழுதாக விட்டால் யாராவது எடுத்து ஏறுவார்கள். ஏறுமுன் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் கொப்பைச் சோதிக்க வேண்டும். வாள் இயக்கும்போது இரண்டாவது கட்டு ஒன்று இருக்கவேண்டும். ஏனெனில் வாள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் கயிற்றையே.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம், புதுவீடு கட்டுபவன் மொட்டைமாடிக்குக் கைபிடிச்சுவர் கட்டவேண்டும் என்கிறது. ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே காரணம். விழுபவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்காரன் சுவர் கட்டியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆலய வளவில் புளியங்கொப்பு வெட்ட ஆள் அழைக்கும் பங்குச் சபைக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும், கருவி வழங்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். கூலி எவ்வளவு என்று பேசுமுன் கயிறு எது என்று கேட்போம். அதற்குச் சரியான பதில் இல்லாவிட்டால், அன்று அந்தக் கொப்பு மரத்திலேயே நிற்கட்டும்.