ஒரு வரிக் கேள்வி

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் கல்லூரி ஐடி கார்டோடு ரயிலுக்கு நிற்கும் பொறியியல் மாணவனுக்குப் பாடம் எடுப்பவர் நிஜமாகவே இருக்கிறாரா?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட குற்றச்சாட்டு இது: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கு. தரவு எங்கிருந்து கிடைத்தது? பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலிருந்தே.

போலி ஆதார் எண் கொடுத்து ஏமாத்திட்டாங்களாம். சரி, பிறந்த தேதி? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டு, இரண்டு இடத்தில் வருபவரைப் பிடிக்க ஒரு வரி போதும். கம்ப்யூட்டர் ஏமாறவில்லை, அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது முகத்தை ஸ்கேன் செய்து வருகைப்பதிவு என்கிறார்கள். இன்னொரு மெஷின் வேண்டாம் சார். இணைப்பு கொடுக்கறதுக்கு முன்னாடியே ஆசிரியர் பட்டியலைப் பொதுவில் வையுங்க. கேள்வியை நாங்க கேட்டுக்கறோம்.