பாச்சை உருண்டையும் பச்சைப் பிள்ளையும்

புக்கிட் பெருவாங்கில் இருக்கும் அக்கா வீட்டில் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் நாள். அம்மா ஆசையாகப் பழைய பெட்டியைத் திறந்து, எங்களைப் போர்த்தி வளர்த்த துணியை எடுத்தார். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசம். அக்கா பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

“பழைய துணின்னா உனக்கு இளக்காரமா?” அம்மாவுக்குக் கோபம்.

“துணிக்கு இல்லம்மா, அந்த உருண்டைக்குத்தான் பயம். தம்பிக்கு ஜி6பிடி குறைவுன்னு புத்தகத்துல எழுதிக் கொடுத்திருக்காங்க.”

“நம்ம பரம்பரையிலயே இல்லாத சீக்கு!”

நாளெல்லாம் ஒலிவாங்கி முன் பேசுகிற எனக்கு அன்று பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

ஜி6பிடி ஒரு நொதி. வெளியில் கிடக்கும் இரும்பு துருப்பிடிப்பதுபோல, சில மருந்துகளும் இரசாயனங்களும் சிவப்பணுக்களை அரிக்கும். அதைத் தடுக்க மற்ற அணுக்களுக்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இந்த நொதிதான் காவல். காவல் குறைந்தால் அணு உடையும், மஞ்சள் காமாலை வரும். பச்சைப் பிள்ளைக்கு அது முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். அதனால்தான் நம் நாட்டில் பிறந்த உடனேயே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள்.

பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்து சிலருக்கு மட்டும் ரத்தசோகை தருவது ஏன் என்று தேடிய அமெரிக்க ஆய்வாளர்கள், 1956இல் இந்தக் குறைபாட்டைக் கண்டறிந்தார்கள். மலேரியாவை ஓரளவு தாங்கும் சக்தி தந்ததால்தான், அந்நோய் வாட்டிய நாடுகளில் இது தலைமுறைகளாக நிலைத்தது என்கிறார்கள்.

பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருகிறது. தாய்க்கு அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். ஆகவே “பரம்பரையில் இல்லை” என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மருமகளையோ மகளையோ குறை சொல்லவும் கூடாது.

இப்பிள்ளைகளில் பெரும்பாலோர் எல்லாரையும்போல ஓடியாடி வளர்வார்கள். கவனம் மட்டும் வேண்டும். பாச்சை உருண்டை வீட்டிலேயே வேண்டாம். ஃபாவா பீன்ஸ் வேண்டாம். கேட்காமல் மருந்தோ மூலிகையோ கொடுக்காதீர்கள். பாலூட்டும் தாய்க்கும் இதே விதிதான். எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். பிள்ளை மஞ்சளித்தாலோ, வெளுத்தாலோ, சிறுநீர் தே ஓ நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பெட்டியிலிருந்த உருண்டைகளைக் கட்டி வெளியே போட்டுவிட்டு, கடையில் புதுத் துணி வாங்கி வந்து பேரனைப் போர்த்தினார்.

உங்கள் வீட்டு அலமாரியையும் இன்று ஒருமுறை திறந்து பாருங்களேன்.