பஸ் கூட்டுக்கு இருப்புச் சக்கரம்!

உயிரோடு இருக்கையில் ஏசப்பட்டவன் இறந்ததும் உத்தமனாவது உலக வழக்கு. பிரித்தானியாவில் ஒரு புகையிரதத்துக்கும் இப்பேறு கிடைத்திருக்கின்றது. பேஸர் என்னும் டீசல் பயணி வண்டி 2021 ஆம் ஆண்டில் சேவையிலிருந்து முற்றாக நீங்கியது. வட இங்கிலாந்தினதும் வேல்ஸினதும் மக்களிடம் 35 ஆண்டுகள் வசை கேட்ட அவ்வண்டியை, மூடப்படவிருந்த கிளைப் பாதைகளைக் காத்த இரட்சகனென்று போற்றுவோர் இன்று புறப்பட்டிருக்கின்றனர். இக்கதையிற் பாதி உண்மை. மறுபாதியை மறைப்பதற்கே அப்பாதி பயன்படுகின்றது என்பதாலேயே நாம் இதனை எழுதுகின்றோம்.

உண்மைப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். 1955 ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ்க் கட்டப்பட்ட டீசல் வண்டிகள் 1980 அளவில் தேய்ந்து முடிந்திருந்தன. திறைசேரியோ பணப்பையை இறுக்கி முடிந்துவிட்டது. 1983 இல் வெளியான சேர்ப்பல் அறிக்கை, நாடு முழுவதிலும் 1,630 மைல் பாதையை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுவதையும் ஒரு வழியாகக் காட்டியது. அவ்வேளையிலேதான் பஸ் கூட்டை எடுத்து இருப்புப் பாதையில் ஏற்றும் யோசனை பலித்தது. லேலண்ட் என்னும் பெயரை அறியாதவர் நம் வாசகருள் இரார். அக்கம்பனியின் பஸ் உறுப்புக்களைக் கொண்டே முதல் வண்டிகளின் மேற்கூடு அமைந்தது. 1984 முதல் 1987 வரை நான்கு வகுப்புக்களில் 164 தொடர்கள் கட்டப்பட்டன; அவற்றுள் 96 தொடர்கள் 142 ஆம் வகுப்பைச் சேர்ந்தவை. எண்ணிய ஆயுள் 20 ஆண்டு.

சாதாரணப் பயணிப் பெட்டியின் இரு முனைகளிலும் நந்நான்கு சக்கரங்கள் கொண்ட தனி அடிவண்டி உண்டு. வளைவு வந்தால் அது திரும்பிக் கொடுக்கும். பேஸருக்கு அது இல்லை. நீண்ட பெட்டியொன்றுக்கு விறைத்த இரண்டே அச்சுக்கள்! வளைவு தோறும் சக்கரம் தண்டவாளத்தை உராய்ந்து கிறீச்சிட்டது. பொருத்துத் தோறும் பெட்டி முன்னும் பின்னும் ஆடியது. தலையாட்டும் கழுதை என்று மக்கள் இட்ட பெயர் பொருத்தமானதே. 1985 இல் வளைவு மலிந்த கோர்ன்வால் கிளைப் பாதைகளில் இவற்றை ஓட்டிப் பார்த்தனர். சக்கரங்கள் தேய்ந்தன, வண்டிகள் அகற்றப்பட்டன. அகற்றி எங்கே அனுப்பினர்? வடக்குக்கு!

அன்று வேறு வழியில்லை என்பர். அதே ஆண்டுகளில், அதே நிர்வாகம், அடிவண்டியோடு கூடிய ஸ்பிரிண்டர் வண்டிகளையும் கட்டியது. ஆகவே திறமைக்குப் பஞ்சமில்லை. ஆயினும், நெருக்கடிக்குச் செய்த மலிவு வேலையென்று இதனை நாம் மன்னிக்கலாம். கூரை ஒழுகும்போது ஓலைக்கீற்றைச் செருகுவது குற்றமன்று. மழை விட்ட பின்னரும் 15 ஆண்டுகள் அக்கீற்றையே கூரையென்று சாதித்ததே குற்றம்.

1999 இல் வின்ஸ்பர்ட்டில், பயணிகளின்றிச் சென்ற பேஸர் ஒன்றை விரைவு வண்டி மோதியபோது, அதன் மேற்கூடு அடிச்சட்டத்தினின்றும் பெயர்ந்தது. எவரும் இறக்கவில்லை, அந்த எச்சரிக்கை போதாதா? 2004 இல் வட இங்கிலாந்துச் சேவைக்கு ஒப்பந்தம் எழுதியோர், பயணிகள் தொகை பெருகாது என்ற அனுமானத்தின்மேல் எழுதினர். பயணிகள் பெருகினர், அனுமானம் அசையவில்லை.

2015 இல் நடந்ததோ இன்னும் விசித்திரம். பேஸருக்குப் பதிலாக 120 புதிய பெட்டிகள் வேண்டுமென்ற ஏற்பாட்டை, செலவுக்கேற்ற பயனில்லையென்று போக்குவரத்து அமைச்சின் நிரந்தரக் காரியதரிசி ஆட்சேபித்தார். போக்குவரத்து மந்திரி பற்றிக் மக்லோக்லின் எழுத்துமூலம் கட்டளையிட்டே அதனை மேவ வேண்டியிருந்தது. 20 ஆண்டுக்கென்று செய்த வண்டி 30 ஆண்டைத் தொட்ட பின்னரும் கணக்கேடு அதன் பக்கமே நின்றது! புதிய பெட்டியின் விலை ஏட்டில் ஏறும். நெரிசலில் நின்றபடி நாள்தோறும் வேலைக்குச் செல்பவனின் கால்வலி எந்தப் பத்தியில் ஏறும்? காரியதரிசி தம் கடமையைச் செய்தார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. அக்கணக்கு முறையை வகுத்தவர்கள் ஒருமுறையேனும் அவ்வண்டியில் ஏறியிருப்பார்களா என்பதே நம் ஐயம்.

இறுதியில் பேஸரை வீழ்த்தியது இரக்கமன்று, சட்டம். உடல் ஊனமுற்றோர் ஏறியிறங்கத் தகுதியற்ற வண்டிகள் 2019 டிசம்பர் 31 ஆம் திகதிக்குப் பின் ஓடலாகாது என்று விதிக்கப்பட்டிருந்தது. அச்சட்டத்துக்கும் தவணை கேட்டு வாங்கி, 2020 நவம்பர் வரை வடக்கிலும், 2021 மே வரை வேல்ஸிலும் ஓட்டினர். தள்ளுநாற்காலியில் வருவோர் 35 ஆண்டு காத்திருந்தது போதாதென்று மேலும் சில மாதங்கள் காத்திருந்தனர்.

முன்னரே கழிக்கப்பட்ட 141 ஆம் வகுப்பு வண்டிகளிற் சில ஈரானுக்கு விற்கப்பட்டன. பின்னர் ஓய்வுபெற்றவற்றுட் பல, பழைய புகையிரதங்களைப் பேணும் பாதைகளில் ஆர்வலர் கைக்குப் போயின. சிலவற்றைப் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் நன்கொடையாகக் கொடுத்துள்ளனர். சக்கரம் சுழலாத அவ்விடங்களில் பேஸர்மீது நமக்கு முறைப்பாடு எதுவுமில்லை.