வரவு 500, செலவு 1,000

2009-ல் நடந்த அக்கா கல்யாண டிவிடியில் கீறல் விழ ஆரம்பித்துவிட்டது. "போறதுக்குள்ள ஒரு காப்பி எடுடா" என்றாள் அம்மா. புது லாப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது.

பரணிலிருந்த செத்த லாப்டாப்பை இறக்கினேன். அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ; டிவிடி ரைட்டர் கையோடு வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ள யூஎஸ்பி கூடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்குமுன் ஸ்கேலால் டிரைவின் கனத்தை அளந்துவிடுங்கள். 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு ஜாதி. ஒன்றின் கூட்டில் மற்றது ஒழுங்காக உட்காராது.

டிஸ்க்கை சமர்த்தாகப் படித்தது. எழுதச் சொன்னால் பாதியில் மயக்கம். இரண்டு டிஸ்க் குப்பைக்குப் போனதும் பி.காம். மூளை விழித்தது. யூஎஸ்பி 2.0 தரும் வரவு 500 மில்லி ஆம்பியர். எழுதும்போது டிரைவ் ஆயிரம்வரைகூடக் கேட்கும். திவாலாகாமல் என்ன செய்யும்? இரண்டு வாயில் செருகும் 'ஒய்' கேபிள் போட்டு, வேகத்தையும் குறைத்தேன். எழுதி முடித்தது.

போட்டுப் பார்த்தோம். மண்டப வாசலில் அப்பா யாரையோ கையைப் பிடித்து இழுக்கிறார், "சாப்பிடாம போகக் கூடாது." அவர் போய் ஆறு வருஷமாகிறது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொண்ணு போட்டு வைடா."